ஆயுர்வேத விடுதியில் ஒரு நாள் – ஆகுமா, ஆகாதா?



ஆடி நெருங்கினால் தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரத்து நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் எழும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பது ஒன்று. மற்றது சில ஆண்டுகளாகப் புதிதாகக் கேட்பது. மலைக்கு அப்பால், கொல்லத்தின் அஷ்டமுடிக் காயல் கரையிலுள்ள ஆயுர்வேத விடுதிகளில் ஒரு நாள் தங்கி, எண்ணெய்ச் சிகிச்சை எடுத்துவிட்டு வரலாமா என்று கேட்கிறார்கள். குற்றாலம் செல்வதற்கு யாரும் ஆலிமிடம் மஸ்அலா கேட்பதில்லை. வேன் பேசிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். விடுதிக்கு மட்டும் மஸ்அலா தேவைப்படுகிறது. கேட்பவர் பெரும்பாலும் கணவர். கேள்வி மனைவியைப் பற்றியது. பதிலும் அவர் கையிலேயே ஆயத்தமாக இருக்கிறது: “அதெல்லாம் நமக்கு ஆகாதுதானே, ஹஜ்ரத்?”

நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆகும், நிபந்தனைகளோடு ஆகும். அந்த நிபந்தனைகளில் பாதிக்கு மேல் கேட்கிற கணவரின் மீதே விழுகின்றன. அதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் அந்த இடம் எத்தகையது என்று பார்ப்போம். மலையாள ஆண்டின் கடைசி மாதமாகிய கர்க்கடகம் நம் ஆடியோடு சேர்ந்து ஜூலை நடுவில் பிறக்கிறது. மழை விடாமல் பெய்யும் மாதம் அது. பசி மந்தமாகும், மூட்டு வலிக்கும், வயல் வேலையும் குறைந்திருக்கும். ஈரக் காற்றில் உடல் இளகி எண்ணெயை நன்றாக ஏற்கும் என்பது கேரள வைத்தியர்களின் கணக்கு. ஆகவே அம்மாதத்தில் எண்ணெய் தேய்ப்பதும், ஞவரை அரிசியோடு வெந்தயமும் மருந்துப் பச்சிலைகளும் சேர்த்துக் கர்க்கடகக் கஞ்சி குடிப்பதும் அங்கே வீட்டு வழக்கம். விடுதிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்த வழக்கம் இது. மதம் பார்த்து வந்ததுமில்லை. கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலையை 1902இல் பி.எஸ். வாரியர் நிறுவினார். அது அமைந்திருக்கும் மலப்புறம் மாவட்டத்தில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். அங்குள்ள மாப்பிள்ளைமார் வீடுகளுக்குக் கஷாயப் புட்டியும் குழம்பு எண்ணெயும் புதிய பொருள்களல்ல.

பஜ்ர் தொழுதுவிட்டுச் செங்கோட்டையிலிருந்து புறப்பட்டால் புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் காலைப் பொழுதிலேயே காயல் கரையை அடைந்துவிடலாம். சென்ற ஆண்டு நாமும் குடும்பத்தோடு அவ்வாறு சென்றோம். ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரை, நடுவில் மழை விழும் முற்றம், சுற்றிலும் தென்னை, வாசலில் கால் கழுவச் செம்பில் நீர். ஒரு கட்டட ஒப்பந்ததாரர் நகரத்தில் கட்டிவிட்டு ‘ஸ்பா’ என்று பெயரெழுதி வைக்கும் கண்ணாடி அறைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வைத்தியர் நாடி பார்த்தார், இரத்த அழுத்தம் அளந்தார். சர்க்கரை உண்டா, காய்ச்சல் உண்டா, பெண்களாயின் கர்ப்பமா, மாதவிடாயா என்று கேட்டார். இக்கேள்விகளுக்கு வெட்கப்பட்டுப் பொய் சொல்லிவிடக் கூடாது. சில நிலைகளில் எண்ணெயும் நீராவியும் தீங்கு செய்யும். அதன் பிறகே எண்ணெய் அறை. மரத்தைக் குடைந்து செய்த நீண்ட பலகை, எண்ணெய் வழிந்து கீழே சேர ஓரத்தில் பள்ளம். இளஞ்சூடான எண்ணெயைத் தலையிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேய்க்கிறார்கள். பிறகு தலை மட்டும் வெளியே தெரியும் மரப் பெட்டிக்குள் நீராவி. அதன் பின் பயற்றம் மாவும் வெந்நீரும். குளித்து வந்தவுடன் நீர்க்கோவை பிடிக்காமலிருக்க உச்சந்தலையில் ராஸ்னாதிப் பொடியை ஒரு சிட்டிகை தேய்த்துவிடுகிறார்கள். நண்பகலில் கஞ்சியும் பயறும் பப்படமும். பலா இலையைக் கோலி ஈர்க்குச்சியால் குத்திச் செய்த கரண்டியில் கஞ்சி அள்ளிக் குடித்ததில் நம் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சி, அவர்கள் எந்த ஐஸ்கிரீம் கடையிலும் அடையாதது.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

‘உடம்பைப் பிடித்துவிடச் சொல்லிப் படுத்திருப்பது காஃபிர்களின் சொகுசு’ என்றொரு பேச்சு நம்மிடையே உண்டு. இப்படிப் பேசுபவர் நம் மார்க்க நூல்களையும் நம் வரலாற்றையும் அறியாதவர். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாகத் தம்மை வருத்திக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை உண்டென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்ன செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலில் உடல் தேய்ப்பை வன்மையானது, மென்மையானது என்றெல்லாம் வகை பிரித்து, எது எவ்வுடலுக்கு ஏற்றது என்று விளக்குகிறார். இன்றும் யூனானி மருத்துவத்தில் ஹம்மாமும் தேய்ப்பும் முறையான சிகிச்சைகள். இஸ்தான்பூலில் ஆயா சோபியாவுக்கு எதிரே ஹுர்ரம் சுல்தான் பெயரால் 1556இல் சிற்பி ஸினான் கட்டிய குளியல் இல்லம் இன்றும் நிற்கிறது. ஆண்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்கு ஒரு பகுதி, வாசல்களும் தனித்தனி.

‘அது ஹம்மாம், நம்முடையது, இது ஆயுர்வேதம், அவர்களுடையது’ என்றும் சொல்வார்கள். அப்பாஸியக் காலத்து பக்தாதில் பர்மகீ அமைச்சர்கள் இந்திய மருத்துவ நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவரச் செய்தனர். அலீ இப்னு ரப்பன் அத்தபரீ 850இல் எழுதி முடித்த ‘ஃபிர்தௌஸுல் ஹிக்மா’ என்ற மருத்துவப் பெருநூலின் இறுதிப் பகுதி முழுவதும் இந்திய மருத்துவத்துக்கே ஒதுக்கப்பட்டது. சரகரும் சுஸ்ருதரும் அதில் இடம்பெறுகிறார்கள். கலீஃபாவின் நகரத்து அறிஞர்கள் பயனுள்ளது என்று கருதி ஏற்றதை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் செங்கோட்டைக்கு அப்பால் இருப்பதால் நாம் விலக்க வேண்டுமா? வேரும் இலையும் எண்ணெயும் எந்தச் சமயத்துக்கும் சொந்தமல்ல. சில விடுதிகளில் வாசலில் தன்வந்திரி உருவத்தின் முன் விளக்கு எரியும். சிலவற்றில் தேய்க்கத் தொடங்குமுன் மந்திரம் சொல்வார்கள். அவர்களின் நம்பிக்கையை அவர்கள் இடத்தில் அவர்கள் பேணுகிறார்கள். நாம் அதில் கலந்துகொள்ளலாகாது. இழித்துப் பேசவும் கூடாது. “எங்களுக்கு அது வேண்டாம், பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கிக்கொள்கிறோம்” என்று பணிவாகச் சொன்னால் போதும். நாம் சென்ற இடத்தில் அதைக் கேட்டவர் முகம் சுளிக்கவில்லை. யோகப் பயிற்சி என்ற பெயரில் சூரியனை வணங்கும் அசைவுகளும் ஓதல்களும் இருந்தால் அந்த மணி நேரத்தில் காயல் கரையில் நடந்துவிட்டு வரலாம்.

ஆகவே சிக்கல் ஆயுர்வேதத்தில் இல்லை. அவ்ரத்தில் இருக்கிறது. அதிலும் நாம் முதலில் பேச வேண்டியது ஆணின் அவ்ரத்தைப் பற்றி.

நம் ஆண்கள் பலர் ‘ஆணுக்கு ஆண்தானே தேய்க்கிறார், அதிலென்ன’ என்று எண்ணுகிறார்கள். ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி. ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அதில் அடங்கும். இன்னோர் ஆணின் முன்னிலையிலும் அது மறைக்கப்பட வேண்டியதே. எண்ணெய் அறைக்குள் நுழைந்ததும் உங்கள் கையில் ஒரு முழத் துணிக் கோவணத்தையோ, ஒரு முறை அணிந்து எறியும் மெல்லிய உள்ளாடையையோ கொடுப்பார்கள். அதை அணிந்து படுத்தால் தொடை முழுவதும் திறந்திருக்கும். தேய்ப்பவரின் கையும் அங்கே செல்லும். ஷாஃபியாயினும் ஹனஃபியாயினும், சிகிச்சைக்கான உண்மையான தேவை இல்லாமல் இது ஆகாது.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 1111இல் மறைந்தவர்கள். ‘இஹ்யா’ நூலில் ஹம்மாமில் நிகழும் தவறுகளைப் பட்டியலிடும்போது இதையே கண்டிக்கிறார்கள். அழுக்கு எடுப்பதற்காகத் தேய்ப்பவர் தொடையைத் திறப்பதும் தவறு. இடுப்புத் துணிக்கு உள்ளே கையை நுழைப்பதும் தவறு, ஏனெனில் பிறர் அவ்ரத்தைத் தொடுவதும் பார்ப்பதைப் போன்றதே என்கிறார்கள். தொடையையும் பின்புறத்தையும் பிடித்துவிடுவதற்காகத் தேய்ப்பவர் முன் குப்புறப் படுப்பது, துணி மறைப்பு இருந்தாலும் மக்ரூஹ் என்றும், இச்சை கிளரும் அச்சம் இல்லாவிடில் தடுக்கப்பட்டதாகாது என்றும் நுணுக்கமாகப் பிரித்தும் காட்டுகிறார்கள். இப்பக்கங்களை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் இமாமவர்கள் அந்த எண்ணெய் அறைக்குள் நின்று எழுதியது போலவே நமக்குத் தோன்றும். வழுக்கும் சோப்பைக் குளியல் இல்லத்துத் தரையில் விட்டுச் செல்வதும் தவறு, யாரேனும் விழுந்தால் அதற்குப் பொறுப்பு உண்டு என்று அதே இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய்க் காலோடு நடைகூடத்தில் உலவுபவர்கள் கவனிக்க.

செய்ய வேண்டியது எளிது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் பருத்தி வேட்டியோ கைலியோ உடன் கொண்டுசெல்லுங்கள். “தலை, கழுத்து, தோள், மேல்முதுகு, கை, முழங்காலுக்குக் கீழே கால்; இவ்வளவே போதும், துணியை விலக்க வேண்டாம்” என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நம் முதுகையும் கழுத்தையும் கெடுத்திருப்பது கடைக் கல்லாவும் கைப்பேசியும். தொடையைத் தேய்த்து அது நீங்கப் போவதில்லை.

இதைச் சொல்லும்போது குற்றாலம் நினைவுக்கு வருகிறது. அருவிக்குக் கீழே நம் சகோதரர்கள் நிற்கும் கோலத்தைப் பார்த்திருக்கிறோம். அரைக்கால் சட்டை, அல்லது நனைந்து உடலோடு ஒட்டி அனைத்தையும் காட்டும் மெல்லிய துண்டு. பாறையோரம், பல்லாயிரம் பேர் நடக்கும் வழியில், எண்ணெய் தேய்ப்பவர் முன் குப்புறப் படுத்திருப்பவர்களிலும் நம்மவர் உண்டு. அந்நேரத்தில் அவர்களின் மனைவியர் எங்கே? கறுப்புப் புர்காவோடு வேனின் நிழலில், பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக. அல்லது பிரியாணி அண்டாவின் பக்கத்தில். திறந்த வெளியில் தம் தொடையைக் காட்டிக் குளித்து வந்தவர், பூட்டிய அறைக்குள் ஒரு பெண் தம் மனைவியின் தோளைப் பிடித்துவிடுவது மார்க்கத்துக்கு ஆகாது என்று நம்மிடம் வந்து சொல்கிறார்.

பெண்கள் விஷயத்தில் மார்க்கச் சான்றுகளை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஹம்மாமுக்கு இடுப்புத் துணியின்றி ஆண்கள் நுழையக் கூடாது, பெண்களை அனுப்பக் கூடாது என்ற கருத்தில் ஹதீஸ்கள் உண்டு. ஷாம் தேசத்துப் பெண்கள் வந்தபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவர்களின் ஹம்மாம் பழக்கத்தைக் கண்டித்ததும், கணவர் வீடல்லாத இடத்தில் ஆடை களைவதைப் பற்றிய எச்சரிக்கையை எடுத்துரைத்ததும் திர்மிதீயிலும் அபூதாவூதிலும் உள்ளன. ஆனால் அபூதாவூதிலேயே அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வழியாக வரும் அறிவிப்பில், நோயுற்ற பெண்ணுக்கும் பிரசவித்த பெண்ணுக்கும் விலக்கு அளிக்கப்பட்டிருப்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அன்றைய ஹம்மாம் பலர் ஒன்றாகக் கூடிக் குளிக்கும் இடம். ஒருவர் அவ்ரத் மற்றவர் கண்ணில் படும். இமாம்களில் பலர் தடையின் காரணத்தை அங்கேதான் கண்டனர். ஆகவே அவ்ரத் மறைக்கப்பட்டு, பார்வை காக்கப்படும்போது சிலர் அனுமதித்தனர். சிலர் தேவை இருந்தால் மட்டும் அனுமதித்தனர். தேவையின்றிச் செல்வதை மக்ரூஹ் என்றனர் சிலர். ஓர் அறை, ஒரு தாழ்ப்பாள், ஒரே ஒரு பெண் தேய்ப்பாளர், உடல் மீது முழுத் துணி என்ற ஏற்பாடு அந்தக் கூட்டுக் குளியலினின்றும் வேறுபட்டது என்பது நம் கருத்து.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு முஸ்லிம் பெண் மற்றொரு முஸ்லிம் பெண்ணின் முன் மறைக்க வேண்டியது தொப்புளிலிருந்து முழங்கால் வரை. தேய்ப்பவர் முஸ்லிமல்லாத பெண்ணாயின், அந்நூர் அத்தியாயத்தின் 31ஆவது வசனத்தில் வரும் ‘அவர்களின் பெண்கள்’ என்னும் சொல்லுக்கு இமாம்கள் கொண்ட விளக்கத்தைப் பொறுத்துச் சட்டம் மாறும். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் நிலை இறுக்கமானது; ஹன்பலி மத்ஹபில் தளர்வு உண்டு. உண்மையான வலிக்கான சிகிச்சை என்றால் எல்லா மத்ஹபுகளிலும் தேவையின் அளவுக்கு வழியுண்டு. ஆகவே முன்பதிவு செய்யும்போதே, முஸ்லிம் சகோதரி யாரேனும் பணியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். கொல்லம் பக்கத்தில் இது அரிதல்ல. நாம் சென்ற விடுதியில் இருந்த இரு பெண்களில் ஒருவர் முஸ்லிம். அவர் இல்லாத நாளில், தலைக்கும் கைகளுக்கும் பாதங்களுக்கும் மட்டும் எண்ணெய் வைத்துக்கொள்ளலாம். அதுவே பாதி வலியைத் தீர்க்கும். ஐயமிருந்தால் உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கேள்வியை முழுமையாகக் கேளுங்கள். பதிலை நீங்களே முடிவு செய்துவிட்டுக் கேட்காதீர்கள்.

பெண்களுக்குப் பெண்களே என்பது நல்ல ஆயுர்வேத நிலையங்களில் கேட்காமலேயே பின்பற்றப்படும் மரபு. நகரத்து ‘ஸ்பா’க்களில் அவ்வாறில்லை, அங்கே ஆணுக்குப் பெண் தேய்க்கும் ஏற்பாடு விளம்பரத்திலேயே இருக்கும். அது பற்றிப் பேச ஒன்றுமில்லை, ஹராம். அறையில் கேமரா இல்லை என்பதை உறுதி செய்துகொள்வதும், கைப்பேசியைப் பையோடு வெளியே வைப்பதும் இக்காலத்தில் அவ்ரத்தைப் பேணுவதன் பகுதிகளே. நீராவிப் பெட்டிக்குள் தலை மட்டும் தெரிய இருக்கும் உம்மாவைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் பிள்ளைகளை முன்பே எச்சரித்துவிடுங்கள்.

உளூவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தோல் மீது படலமாகப் படியாத எண்ணெய் உளூவைத் தடுக்காது. நீர் தோலில் ஓடினால் போதும். பச்சிலை விழுதோ, ஞவரைக் குழம்போ, களிமண் பூச்சோ அப்படியல்ல. கழுவி நீக்கிய பிறகே உளூ. நேரத்தை முன்பே திட்டமிடுவது நல்லது. எண்ணெய்ப் பலகையில் இருக்கும்போது வக்து முடிந்துவிடும்படி யாரும் நேரம் கொடுக்க வேண்டாம். நம் இல்லத்தார் காலையிலேயே எண்ணெயும் குளியலும் முடித்து லுஹர் தொழுதார்கள். நமக்கு லுஹருக்குப் பின்பு. கேட்டவுடன் ஓர் அறையைப் பெருக்கி, கிழக்கு மேற்கைக் காட்டி, புதுப் பாய் விரித்துக் கொடுத்தார்கள்.

உள்ளே செல்பவற்றிலும் கவனம் வேண்டும். வெளியேறும் வழியில் மருந்துக் கடை இருக்கும். அரிஷ்டம், ஆசவம் என்ற வகைகள் புளிக்க வைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் தானாக உருவாகும் ஆல்கஹால் உண்டு. புட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். மருந்தின் தேவைக்காக அதன் சட்டம் பற்றி உலமாக்கள் விவாதித்திருக்கிறார்கள். நோயில்லாதவர் ‘சத்துக்கு’ என்று வாங்கிக் குடிப்பதற்கு அந்த விவாதத்தில் இடமில்லை. கஷாயமும் சூரணமும் இருக்கின்றனவே. அஜமாம்ச ரசாயனம் என்பது ஆட்டிறைச்சி சேர்ந்த லேகியம். அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்று தெரியாதபோது விட்டுவிடுவது நல்லது. மதிய உணவுக்குக் கஞ்சியும், மரவள்ளிக் கிழங்கும் காயல் மீன் குழம்பும் தாராளமாகக் கிடைக்கும்போது கோழியைத் தேடிப் போக வேண்டியதுமில்லை. இன்னொன்று: ஒரு நாள் எண்ணெயில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் குறைந்துவிடா. ‘ஆயுர்வேதம் தொடங்கிவிட்டோம்’ என்று வழக்கமான மாத்திரையை நிறுத்தியவர்களை நாம் அறிவோம். அப்படிச் செய்யாதீர்கள்.

செலவு? ஒரு குடும்பத்துக்குச் சில ஆயிரங்கள் ஆகும். இயலாதவர் கடன் வாங்கிச் செல்லத் தேவையில்லை. அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆவது வசனம் உண்பதையும் பருகுவதையும் அனுமதித்து விரயத்தை விலக்குகிறது. ஆனால் நம்மிடையே இஸ்ராஃப் என்ற சொல் பெண்களின் ஓய்வுக்கு மட்டும் விரைந்து வருகிறது. வலீமா பந்தியில் ஐந்தாவது இறைச்சி வகைக்கு அச்சொல் வருவதில்லை. இரண்டாண்டுக்கொரு முறை மாற்றும் கைப்பேசிக்கும் வருவதில்லை.

நம் சமூகத்தில் ஒரு பெண்ணின் உடலை மற்றவர்கள் பேணும் காலம் என்று ஒன்று உண்டு. பிரசவித்த நாற்பது நாள். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார்கள், வயிற்றில் துணி கட்டுவார்கள், காய மருந்து உருட்டிக் கொடுப்பார்கள், பெரியம்மாவும் மூமாவும் முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். நாற்பதாம் நாள் குளித்தெழுந்ததும் அது முடிந்துவிடும். அதன்பின் முப்பது, நாற்பது ஆண்டுகள் அவள் மற்றவர்களின் உடலைப் பேணுவாள். ஸஹர் உணவுக்கு முதலில் எழுவாள், மாமியாரின் காலைப் பிடித்துவிடுவாள், வெளிநாட்டிலிருந்து வரும் கணவரின் விடுமுறை முழுவதும் விருந்தினர்க்குச் சமைப்பாள். ஐம்பது வயதில் முழங்கால் மடங்காமல் நாற்காலியில் அமர்ந்து தொழுவாள். ‘உங்களுக்குக் கடைசியாக யார் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார்கள்?’ என்று நம் பெண்கள் மதரஸாவின் பெரியோர் வகுப்பில் ஒரு முறை கேட்கச் சொன்னோம். பலர், தம் கடைசிப் பிள்ளையின் வயதைச் சொல்லிப் பதிலளித்தார்களாம்.

இதனால்தான் நாம் அந்த ஒரு நாளை ஆதரிக்கிறோம். அன்று அவள் சமைப்பதில்லை. கஞ்சியை யாரோ கொண்டுவந்து வைக்கிறார்கள். கஞ்சிக்குப் பின் உறங்குகிறாள். கைலூலா சுன்னத்துதான், அது ஆண்களுக்கு மட்டும் என்று எந்த நூலிலும் இல்லை. அந்நேரம் பிள்ளைகளைக் காயலில் படகேற்றிக் கூட்டிச் செல்வது கணவரின் வேலை. கொல்லம் வரை செல்ல இயலாதவர்களுக்கும் இதில் வழியுண்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நல்லெண்ணெயைச் சுடவைத்து அவளுக்குக் கொடுத்து, அவளின் தங்கையையோ மகளையோ தேய்த்துவிடச் சொல்லி, அடுப்படியைக் கணவர் ஏற்றுக்கொள்ளலாம். தலையிலும் தோளிலும் அவரே தேய்த்துவிடுவதற்கும் மார்க்கத்தில் யாதொரு தடையுமில்லை என்பதை, மஸ்அலா கேட்டு வரும் சகோதரர்களின் கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறோம்.

மற்றோர் உடலும் அவ்விடத்தில் இருக்கிறது. செல்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். தேய்ப்பவரின் உடல். நம் இல்லத்தாருக்குத் தேய்த்த அந்தச் சகோதரி அஸருக்குள் நான்கு பேருக்குத் தேய்த்து முடித்திருந்தார். கூலியை வியர்வை உலருமுன் கொடுத்துவிட வேண்டுமென்ற நபிவழி நமக்குத் தெரியும். விடுதியின் ரசீதில் நாம் செலுத்தும் தொகையில் அவருக்கு எவ்வளவு சென்று சேரும் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே தனியாக ஒரு தொகையை உறையிலிட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுமாறு சொல்லியிருந்தோம். இல்லத்தார் கொடுக்கப் போனபோது அவர் எண்ணெய் அறையின் வாசற்படியில் அமர்ந்து, கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெயைத் தம் மணிக்கட்டுகளில் தேய்த்துக்கொண்டிருந்தாராம். இருவரும் பேரீச்சம்பழம் தின்றபடி சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அங்கேயே பாய் விரித்து அஸர் தொழுதுவிட்டு வந்தார்கள்.